கிளியர் பண்ணியது யார்?

ஜூரோங்கில் அந்தக் கப்பல் பட்டறையில் போய்க் கோவிந்தராசு எங்கே என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது. "ஒன்ஸ்மோர் எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலர் வரை கை காட்டுவார். சூப்பர்வைசர் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போவார். மற்றவர்கள் "ஓகே பாஸ்" என்று தலையாட்டிவிட்டு, அவர் மறைந்ததும் "என்னடா சொன்னான்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கோவிந்தராசு தலையாட்டமாட்டார். "பாஸ், ஒன்ஸ் மோர்" என்பார். திரும்பச் சொல்லியும் புரியாவிட்டால் திரும்பவும் அதேதான். ஒரு நாள் ஒரு சூப்பர்வைசர் ஆத்திரம் தாங்காமல் தன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தார். கோவிந்தராசு அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி அவர் கையில் கொடுத்து, "ஒன்ஸ் மோர், பாஸ்" என்றார்.

பேராவூரணிப் பக்கத்து ஆள். பிளஸ் டூவில் ஆங்கிலத்தைத் தவிர மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியவர். சிங்கப்பூருக்கு வந்த முதல் மாதம், தள அலுவலகத்தில் ஒரு சீன சூப்பர்வைசர் மேசையைக் காட்டி "கிளியர் திஸ் டேபிள்" என்றார். கோவிந்தராசு தலையாட்டினார். அப்போது அவரும் தலையாட்டுகிற ஆள்தான். இன்னொருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மேசையை அப்படியே தூக்கிப்போய் வெளியே போட்டார். வெளியே மழை. மேசைமேல் விரித்திருந்த கப்பலின் வரைபடங்கள் ஊறிக் கூழாகிவிட்டன. மேசைமேல் கிடந்ததை எடுத்து ஒழுங்குபண்ணத்தான் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் அலுவலகமே சிரித்தது. கோவிந்தராசுவுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது, அதுவும் தன் தலையின் மேல். புரியாமல் ஆடிய தலை அது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினார்.

பதின்மூன்று வருடத்தில் அது மூன்று நோட்டாகியது. அவற்றில் அதிக இடம் பிடித்தது அந்த முதல் சொல்தான். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்தால் "டிரேய கிளியர் பண்ணுங்க" என்றார்கள். விமான நிலையத்திலிருந்து ஊர்க்காரர் போன் செய்தால் "குடிநுழைவுல கிளியர் ஆயிட்டியா?" என்று கேட்டார்கள். சிக்னல்மேன் பயிற்சியில் தேறியபோது "கிளியர் பண்ணிட்டே" என்று முதுகில் தட்டினார்கள். குழாய் அடைப்பை எடுத்தாலும் கிளியர், மழை விட்டு வானம் வெளுத்தாலும் கிளியர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் எழுதி வைத்தார். அறைத்தோழர் முபாரக் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மள மாதிரி இதுக்கும் ஓவர்டைம்தான் மச்சான்" என்று சிரிப்பார்.

முபாரக் அதிராம்பட்டினத்துக்காரர். தூக்க வேண்டிய இரும்பில் சங்கிலி மாட்டுகிற ரிக்கர் வேலை அவருக்கு. கிரேன் ஓட்டுபவருக்குக் கையசைத்துச் சைகை காட்டுகிற வேலை கோவிந்தராசுவுக்கு. இருவருக்கும் மேலே ரகுபதி. ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். தூக்கும் வேலைக்கு அவர்தான் பொறுப்பு. அவர் சம்மதம் சொல்லாமல் எதுவும் தரையை விட்டு எழும்பக்கூடாது என்பது விதி.

அன்று செவ்வாய்க்கிழமை. நாலு டன் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்றைத் தரையிலிருந்து கப்பலின் மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கோவிந்தராசு அந்த இடத்தில் நின்ற ஆறு பேரை வெளியேற்றி, சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, கையில் இருந்த வாக்கிடாக்கியில் "ஏரியா கிளியர்" என்று சொன்னார். ஆனால் கிரேனை வேறு அவசர வேலைக்கு அழைத்துப்போனார்கள். காத்திருக்கிற நேரத்தில் ரகுபதி, "தம்பி, கட்டு ஆடாம பிடிக்க இந்தக் கயிறு பத்தாது லா. ஸ்டோர்ல நீளமான கயிறு ஒண்ணு எடுத்துட்டு வா" என்று கோவிந்தராசுவை அனுப்பினார்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு, தோளில் கயிற்றுச்சுருளோடு கோவிந்தராசு ஸ்டோரை விட்டு வெளியே வந்தபோது இடுப்பில் இருந்த வாக்கியில் ரகுபதியின் குரல் கேட்டது. "கிளியர், கிளியர், ஹாய்ஸ்ட்!" கிரேனைத் தூக்கச் சொல்கிற உத்தரவு அது. அடுத்து ஓர் அலறல். அது வாக்கியில் வரவில்லை. காற்றிலேயே வந்தது.

ஓடினார். தகட்டுக் கட்டு எழும்பியதும் ஒரு பக்கமாக வீசி, முபாரக்கின் இடது காலைப் பக்கத்திலிருந்த அடுக்கோடு சேர்த்து நசுக்கியிருந்தது. கட்டுக்கு அடியில் சிக்கியிருந்த மரக்கட்டையை உருவ அவரை நாடாவுக்குள் அனுப்பியது ரகுபதிதான். இந்நேரம் வெளியே வந்திருப்பான் என்று நினைத்திருக்கிறார். கப்பல் பக்கத்திலிருந்து "ஏன் தாமதம்?" என்று யாரோ வாக்கியில் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரகுபதி தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை முபாரக்கின் தலையைக் கோவிந்தராசு தன் மடியில் வைத்திருந்தார். "கால் இருக்கா மச்சான்?" என்று முபாரக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இருக்குடா, இருக்கு" என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று மாலையே மனிதவளப் பிரிவிலிருந்து வித்யா என்ற பெண் அவரை அழைத்து அரைமணி நேரம் நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலு வருடமானவள். தொழிலாளிகளிடம் குரலை உயர்த்தாதவள். மறுநாள் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க சொன்னதுதாங்கண்ணா. இங்கிலீஷ்ல போட்டிருக்கேன். ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது."

கோவிந்தராசு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வித்யா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "ஐ கிளியர்ட் தி ஏரியா" என்று ஒரு வரி. சரி. அதற்கு இரண்டு வரி கீழே "ஐ தென் கிளியர்ட் தி லிஃப்ட்" என்று இருந்தது.

"மேடம், நாங்க வேல செய்யிற எடத்துல ஏது லிஃப்டு?" தெரிந்தேதான் கேட்டார், அர்த்தம் அவள் வாயால் வரட்டும் என்று.

வித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த லிஃப்ட் இல்லண்ணா. கிரேன் தூக்குது பாருங்க, அது."

"தூக்குறத எப்படி கிளியர் பண்ணுவாங்க? அது என்ன குப்பையா?"

"இங்க கிளியர் பண்றதுன்னா ஓகே கொடுக்கறது. அனுமதி மாதிரி."

கோவிந்தராசு விரலை எடுக்கவில்லை. "நான் ஓகே கொடுக்கலயே."

"நேத்து நாலு தடவ சொன்னீங்களே, 'நான் கிளியர் பண்ணிட்டேன், நான் கிளியர் பண்ணிட்டேன்'னு."

"ஆள கிளியர் பண்ணேன் மேடம். தூக்குறதுக்கு நான் கிளியர் கொடுக்கல. அது வேற, இது வேற. அந்த நேரத்துல நான் அங்கயே இல்ல."

வித்யாவின் முகத்தில் ஒரு கணம் குழப்பம் ஓடியது. வேண்டுமென்று எழுதியதில்லை. வாக்கியம் அழகாக ஓடட்டும் என்று எழுதியது. ஆனால் அந்தத் தாள் அதற்குள் மேலே போய் வந்திருந்தது. மேலாளர்கள் படித்திருந்தார்கள். ரகுபதியும் படித்திருந்தார். யாருக்கும் அந்த வரி உறுத்தவில்லை. உறுத்தாததில் எல்லாருக்கும் வசதியும் இருந்தது.

"ஒரு வார்த்ததானேண்ணா..."

"ஒரு வார்த்ததான். அத எடுத்துட்டுக் குடுங்க, இப்பவே போடுறேன்."

"இப்ப மாத்தினா எல்லாரும் மறுபடி கையெழுத்து போடணும். ரொம்பச் சிக்கல்."

கோவிந்தராசு பேனாவை மூடி, தாளின்மேல் குறுக்காக வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த நாள் காலையில் அவருடைய வாக்கியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். வெல்டிங் சிதறலையும் இரும்புத் தூளையும் கூட்டிப் பெருக்குகிற வேலை. கூட்டினார். பதின்மூன்று வருடம் வேலை பார்த்த இடத்தில், சைகைக்காரனின் மஞ்சள் சட்டை இல்லாமல் வெயிலில் கூட்டினார். யாராவது பாவம் என்று பார்த்தால் முறைத்தார்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ரகுபதி எதிரே வந்து உட்கார்ந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. இரண்டு நாளில் பத்து வயது கூடின மாதிரி.

"தம்பி, எனக்கு இன்னும் நாலு வருஷந்தான் இருக்கு. என் வீட்டுல பெரிய பொண்ணு யூனிவர்சிட்டில படிக்குது. நீ சிக்னல்மேன். நீ சொன்னேன்னு இருந்தா உனக்கு ஒரு வார்னிங் லெட்டரோட முடிஞ்சிடும். நான் பேசிட்டேன் லா. உன் பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் சொல்லலயேண்ணே."

"நம்மாளு நீயே இப்படி பண்ணா எப்படி?"

"முபாரக்கும் நம்மாளுதாண்ணே. நாளைக்கி அவன் கேப்பான், யாருடா தூக்கச் சொன்னதுன்னு. நான்தான்னு சொல்லவா? அவன் தலைய மடியில வச்சிருந்தவன் நான்."

ரகுபதி தட்டைத் தள்ளிவைத்தார். தட்டில் இருந்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போவதைக் கோவிந்தராசு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கெட்டவரில்லை. தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவர். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்காக இல்லாததை இருக்கிறதென்று எழுதித் தர முடியாது.

வெள்ளிக்கிழமை வித்யா மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை தாள் இல்லை. "கொஞ்ச நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்களேண்ணா. உங்களுக்கு இருபத்தோரு நாள் லீவு இருக்கு. கிளியர் பண்ணிடுங்க."

அந்த அர்த்தமும் அவருக்குத் தெரியும். மீதி விடுப்பைக் கிளியர் பண்ணச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

"லீவு என்னோடது மேடம். என் பொண்ணுக்குச் சடங்கு வருது, அதுக்கு எடுப்பேன். இதுக்கு எடுக்கமாட்டேன்."

மனைவியிடம் அதுவரை எதையும் சொல்லாமல் இருந்தார். அன்று மாலை போனில் சொன்னார். அவள் பயப்படுவாள், கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்பாள் என்று நினைத்திருந்தார். அவளோ, "முபாரக் அண்ணன் பொண்டாட்டி காலையிலதான் எங்கிட்ட அழுதிச்சு. நீங்க அப்படி எழுதிக் குடுத்தா அது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வேல போனா போவட்டும்" என்றாள். கோவிந்தராசு அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலில் மருத்துவமனைக்குப் போனார். முபாரக்கின் காலைக் காப்பாற்றியிருந்தார்கள். வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. "என்ன உள்ள போவச் சொன்னது ரகுபதி அண்ணன்தான் மச்சான்" என்றார் முபாரக். "யாரு கேட்டாலும் சொல்வேன். ஆனா யாரும் கேக்க வரல."

அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்தார். ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையின் மாடியில், ஞாயிறுதோறும் தொழிலாளிகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லித்தருகிறார்கள். மூன்று வருடமாக அவர் அங்கே போய்வருகிறார். வகுப்பெடுப்பது ரக்ஷனா. கிளமெண்டியிலிருந்து வருகிற இளம்பெண், வாரநாளில் ஏதோ அலுவலகத்தில் வேலை. வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்தபின் அவர் அந்த இரண்டு வரிகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார்.

ரக்ஷனா பலகையைப் பார்த்தபடி நின்றாள். "கிராமர்படி ரெண்டுமே கரெக்ட் அண்ணா. அதான் டேஞ்சரே. மேல இருக்கிறதுல நீங்க ஆளுங்கள வெளிய அனுப்புறீங்க. கீழ இருக்கிறதுல நீங்கதான் 'தூக்கலாம்'னு சொல்றீங்க. ஸேம் வெர்ப், ஆனா ஃபுல் பிளேம் உங்க மேல வந்துடும்."

"நான் நெனச்சது சரிதானே?"

"நூறு பர்சென்ட் சரி. நான் ஒரு லெட்டர் டைப் பண்ணித் தரட்டா? நல்லா ஸ்ட்ராங்கா எழுதித் தர்றேன்."

"வேணாம்மா. நீங்க எழுதுனா நீங்க சொன்ன மாதிரி ஆயிடும். என் இங்கிலீஷ்ல நானே எழுதுறேன். தப்பு இருந்தா தப்போட இருக்கட்டும்."

அந்த மாடியிலேயே உட்கார்ந்து எழுதினார். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. "ஐ டெல் சிக்ஸ் பீப்பிள் கோ அவுட். ஆல் கோ அவுட். ஐ நெவர் சே கிரேன் கேன் லிஃப்ட்." மொத்தம் ஒன்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் அடியில் தமிழிலும் எழுதினார். ஆங்கிலப் பகுதியில் கிளியர் என்ற சொல் ஒரே வாக்கியத்தில் மட்டும் வந்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு வாக்கியில் கேட்ட ரகுபதியின் குரல் சொன்னதாக. படித்துப் பார்த்த ரக்ஷனா ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தப் பென்சிலை எடுத்தாள். பிறகு திருத்தாமல் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வித்யாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இதுல கிராமர் கொஞ்சம்..."

"புரியுதா மேடம்?"

"புரியுதுங்க."

"அப்ப போதும்." அவள் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். வித்யா அதை வாங்கிக் கோப்பில் வைத்தாள். வைக்காமல் இருந்திருக்கலாம். வைத்தாள்.

புதன்கிழமை அரசாங்கத்தின் மனிதவள அமைச்சிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். கூட்ட அறையில் குளிர் அதிகம். மேசையின் ஒரு பக்கம் நிறுவனத்தின் ஆட்கள். அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில், "லிஃப்ட் நடக்கிறதுக்கு முன்னாடி நீங்க கிளியர் பண்ணீங்களா?" என்றார்.

எல்லாரும் எதிர்பார்த்தது ஆமாம் அல்லது இல்லை.

"எதை?" என்றார் கோவிந்தராசு.

"புரியலயா? கிளியர் பண்ணீங்களான்னு கேக்குறார்."

"புரியுது சார். எதைக் கிளியர் பண்ணேன்னு கேட்டுச் சொல்லுங்க. ஆளையா, தூக்குறதையா? ரெண்டுக்கும் எங்கிட்ட வேற வேற பதில் இருக்கு. ஒரே கேள்வியா கேட்டா நான் பதில் சொல்லமாட்டேன்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் தயங்கி, சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கோப்பைப் புரட்டி, ஒன்பது வாக்கியத் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு கேள்வியை இரண்டாக உடைத்துக் கேட்டார். ஆட்களை வெளியேற்றியது யார்? நான். தூக்கலாம் என்று சொன்னது யார்? நான் இல்லை, ரகுபதி சார், என் காதால கேட்டேன்.

கிரேன் ஓட்டுபவரை அடுத்து அழைத்தார்கள். மலேசியச் சீனர். அதுவரை அவரிடம் எல்லாரும் "கிளியர் கேட்டதா?" என்றுதான் கேட்டிருந்தார்கள். அவரும் கேட்டது என்றுதான் சொல்லியிருந்தார். இப்போது "யாருடைய குரல்?" என்று கேட்டார்கள். யோசிக்காமல் ரகுபதியின் பெயரைச் சொன்னார். இத்தனை நாளும் யாரும் தன்னிடம் அதைக் கேட்கவில்லையே என்றும் சொன்னார். அன்று மாலையே அதிகாரி மருத்துவமனைக்குப் போய் முபாரக்கையும் கேட்டார்.

மாலையில் ரகுபதி லாரி நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். "நானே ஒத்துக்கிட்டேன்" என்றார், கோவிந்தராசுவைப் பார்க்காமலே. "முதல் நாளே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் லா." "முபாரக்க போய்ப் பாருங்கண்ணே" என்று மட்டும் கோவிந்தராசு சொன்னார். ரகுபதி போய்ப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது.

முடிவு வர ஐந்து மாதம் ஆனது. ரகுபதியைத் தூக்கும் வேலையிலிருந்து நீக்கினார்கள். பட்டறைக்குத் தண்டனையும் புதிய விதிகளும் வந்தன. முபாரக் கம்பி எடுத்தபின் ஊருக்குப் போய்விட்டார். சற்றே சாய்ந்து நடக்கிறார். அடிக்கடி போன் செய்கிறார். கோவிந்தராசுவின் வாக்கியைத் திருப்பிக் கொடுத்த அன்று வித்யா, உண்மையான சந்தோஷத்தோடு, "இப்ப நீங்க முழுசா கிளியர்டுண்ணா!" என்றாள்.

"அப்படின்னா?"

"உங்க மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சு."

"எப்ப மேடம் தப்பு இருந்துச்சு, இப்ப இல்லாம ஆவுறதுக்கு?"

அந்த அர்த்தத்தை மட்டும் அவர் தன் நோட்டில் எழுதி வைக்கவில்லை.

ஆண்டு முடிவில் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அவரும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? மகளின் சடங்குக்கு இருபத்தோரு நாளும் போய் இருந்துவிட்டு வந்து, அனுமதி முடிவதற்குள் துவாஸில் வேறொரு பட்டறையில் சிக்னல்மேன் வேலை தேடிக்கொண்டார். நேர்முகத்தில் பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னார். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தார். எடுத்துக்கொண்டார்கள்.

புதிய இடத்தில் முதல் வாரமே தகராறு வந்தது. வாக்கியில் எல்லாரும் ஒரே வார்த்தையில் "கிளியர்" என்கிறார்கள். இவர் "ஆல் பீப்பிள் அவுட்" என்று சொல்லி நிறுத்துவார். பிறகு சங்கிலியை, தகட்டின் அடியை, மறுபக்கத்தை ஒருமுறை கண்ணால் பார்ப்பார். பொறுப்பாளர் சம்மதம் சொன்னபின்தான் "நவ் யூ கேன் லிஃப்ட்" என்பார். "ஜஸ்ட் சே கிளியர் லா, அங்கிள்!" என்று கிரேனுக்குள்ளிருந்து கத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி வீணாகிறது என்று சூப்பர்வைசரிடம் புகார் போயிருக்கிறது. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஆமா பாஸ், பத்து விநாடி" என்றார் கோவிந்தராசு. மறுநாளும் அதே பத்து விநாடி எடுத்துக்கொண்டார்.